சி பிளஸ் பிளஸ்ஸிலிருந்து கியூ.எம்.எல். திரைக்குச் சிக்னல் அனுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் வார இறுதியில் கியூட் பழக வருகிறவர்களில் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் உண்டு, சின்ன நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. யார் வந்தாலும் சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: உள்ளே ஓடுகிற சி பிளஸ் பிளஸ்ஸில் ஏதோ நடக்கிறது, அது திரைக்கு எப்படித் தெரிய வேண்டும்? அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம், கிணற்று மோட்டரும் மேல் தாங்கியும். தாங்கிக்குள் நீர்மட்டம் அளக்கும் சென்சர் ஒன்று, அது சீரியல் வழியாக ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிக்குத் தகவல் தருகிறது, குசினிச் சுவரில் ஒரு தொடுதிரை. சொல்வதெல்லாம் கியூட் 6-க்குப் பொருந்தும். 5 வேறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறேன். நிரலில் வரும் பெயர்களை வாசிக்க இலகுவாகத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

கியூட் எண்டால் என்ன? அதில சி பிளஸ் பிளஸ் எது, கியூ.எம்.எல். எது?

கியூட், நோர்வேயில் டிரோல்டெக் என்ற நிறுவனத்தில் உருவாகி 1995-இல் வெளியான மென்பொருள் கட்டமைப்பு. அப்போது திரையையும் சி பிளஸ் பிளஸ்ஸிலேயே எழுத வேண்டியிருந்தது. 2010-இல் 4.7 பதிப்போடு, திரையை விவரிக்கும் மொழியான கியூ.எம்.எல். வந்தது. அதற்குப் பிறகு கணக்குப் பார்ப்பது, வன்பொருளோடு கதைப்பது எல்லாம் கம்பைல் செய்த சி பிளஸ் பிளஸ் பக்கம், திரை கியூ.எம்.எல். பக்கம் என்று பிரித்துக்கொள்ள முடிந்தது.

கியூ.எம்.எல்.லில் "நீலப் பட்டையின் உயரம் தாங்கியின் மட்டத்துக்குச் சமம்" என்று ஒரு முறை எழுதினால் போதும். மட்டம் மாறும்போது உயரத்தை மாற்று என்று தனியே எழுதத் தேவையில்லை. இந்த இணைப்புக்குப் பைண்டிங் என்று பெயர். ஆனால் மட்டம் மாறிவிட்டது என்று கியூ.எம்.எல்.லுக்கு யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? அதைச் சொல்வது சிக்னல்.

சிக்னல் எண்டு சொல்லுறது உண்மையில என்ன? சாதாரண ஃபங்ஷன் தானே?

ஆம், ஃபங்ஷன்தான். நீங்கள் பெயரையும் பாராமீட்டரையும் மட்டும் அறிவிக்கிறீர்கள், உடலை மொக் என்ற கருவி எழுதித் தருகிறது. அந்த உடல் செய்வது ஒன்றே ஒன்று: இந்தச் சிக்னலோடு யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவரையும் அழைப்பது. சிக்னலை அனுப்பும் இடத்தில் எழுதும் எமிட் என்ற சொல்லைப் பலர் ஏதோ மந்திரம் என்று நினைக்கிறார்கள். அது வெறும் வெற்று மேக்ரோ, வாசிக்கிறவருக்கான அடையாளம்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே திரெட்டில் (நிரலுக்குள் ஓடும் ஒரு வேலைத் தொடர்) இருந்தால், இணைந்திருக்கும் எல்லோரும் வேலையை முடித்த பிறகுதான் எமிட்டுக்கு அடுத்த வரி ஓடும். திரைப் பக்கத்தில் மெதுவான ஒரு வேலை இருந்தால் அனுப்பியவரும் காத்திருக்க வேண்டும். மற்றது, எமிட் செய்யும் நேரத்தில் பட்டியலில் யாரும் இல்லாவிட்டால் அந்தச் சிக்னல் போனது போனதுதான். அதை எங்கும் சேமித்து வைப்பதில்லை.

முதல் தடவை அனுப்பிப் பார்க்க என்னென்ன எழுத வேணும்?

கிளாஸ் கியூஆப்ஜெக்ட்டிலிருந்து வர வேண்டும். உள்ளே முதல் வரியாக கியூ_ஆப்ஜெக்ட், அடுத்ததாக கியூஎம்எல்_எலிமென்ட், பிறகு சிக்னல்ஸ் என்ற பகுதியில் உங்கள் சிக்னல். நிரலைக் கட்டும் கருவியான சீமேக்கின் கோப்பில் கியூடி_ஆட்_கியூஎம்எல்_மொடியூல் மூலம் அந்த கிளாஸைத் தொகுதியில் சேர்த்துவிட்டால், கியூ.எம்.எல்.லில் இம்போர்ட் செய்து வேறு எந்த எலிமென்ட்டையும் போல எழுதலாம். மோட்டர் தண்ணீரில்லாமல் சுற்றுவதைச் சொல்லும் சிக்னலின் பெயர் ட்ரைரன் என்றால் அதைப் பிடிப்பது ஆன்ட்ரைரன். சிக்னலின் பெயர் சின்ன எழுத்தில் தொடங்க வேண்டும். ஆன் சேரும்போது அதே எழுத்து பெரிய எழுத்தாகும்.

செயலி முழுவதற்கும் ஒரே ஒரு தாங்கிதான் என்றால் கியூஎம்எல்_சிங்கிள்டன் என்றும் சேர்த்துவிடுங்கள். அப்போது எலிமென்ட்டாக எழுத முடியாது, கனெக்ஷன்ஸ் என்ற எலிமென்ட்டுக்குள் டார்கெட்டாக அதைக் கொடுக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: கியூ.எம்.எல். முதல் தடவை தொடும்போதுதான் சிங்கிள்டன் உருவாகும். அதன் கன்ஸ்ட்ரக்டரில்தான் சென்சரைத் திறக்கிறீர்கள், திரையின் முதல் பக்கத்தில் அதைப் பற்றிய பேச்சே இல்லை என்றால், சென்சர் திறக்கப்படாமலே கிடக்கும்.

பழைய பாடங்களில் செட்கான்டெக்ஸ்ட்ப்ராப்பர்ட்டி வழியாக ஆப்ஜெக்ட்டை உள்ளே விடுவார்கள். இன்றும் அது ஓடும். ஆனால் அந்தப் பெயரின் வகை கருவிகளுக்குத் தெரியாது, எழுத்துப் பிழை விட்டால் ஓடும்போதுதான் தெரியவரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

விடேபிள் இல்லை எண்டு லிங்கர் பிழை காட்டுது, கோட்ல ஒரு பிழையும் தெரியேல்லை.

மொக் அந்தக் கோப்பைப் பார்க்கவில்லை. பெரும்பாலும் கியூ_ஆப்ஜெக்டைப் பிறகு சேர்த்துவிட்டு சீமேக்கைத் திரும்ப ஓட்டாமல் விட்டிருப்பீர்கள், அல்லது மொக்கைத் தானாக ஓட்டும் ஆட்டோமொக் இயக்கத்தில் இருக்காது. பில்ட் அடைவை அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டினால் அநேகமாகத் தீரும்.

எல்லாத்துக்கும் சிக்னல் போட்டால் என்ன? ப்ராப்பர்ட்டி எதுக்கு?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். மற்றச் சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் உள்ளது ப்ராப்பர்ட்டி. எப்போது நடந்தது என்று மட்டும் கேட்கக்கூடியது சிக்னல். தாங்கியில் 42 வீதம் தண்ணீர் இருக்கிறது, மோட்டர் ஓடுகிறது: இவை நிலைகள். எப்போது கேட்டாலும் பதில் இருக்கும். கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டர் வெறுமனே சுற்றத் தொடங்கியது, சென்சரின் வயர் கழன்றது: இவை நிகழ்வுகள். மட்டத்தைச் சிக்னலாக மட்டும் அனுப்பிப் பாருங்கள். கரண்ட் போய் வருகிறது, ராஸ்பெரி பை எழும்புகிறது, சி பிளஸ் பிளஸ் பக்கம் முதல் மட்டத்தை வாசித்து எமிட் செய்கிறது. கியூ.எம்.எல். கோப்பு அப்போதும் ஏறி முடியவில்லை. மேலே சொன்னபடி கேட்க ஆளில்லாத சிக்னல் காணாமல் போகும். மட்டம் அடுத்த தடவை மாறும் வரை திரையில் பூச்சியம்தான். ப்ராப்பர்ட்டி என்றால், கியூ.எம்.எல். எழும்பியவுடன் அதுவே போய் இப்போதைய மதிப்பை வாசித்துக்கொள்ளும். பிறகு மாறும்போது நோட்டிஃபை சிக்னல் சொல்லும்.

சிக்கலானது நடுவில் நிற்பவை. மோட்டர் வெறுமனே சுற்றியது ஒரு நிகழ்வு. ஆனால் அதனால் மோட்டரைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்தப் பூட்டு ஒரு நிலை. பஸ்ஸரை ஒரு தடவை அடிப்பது சிக்னலின் வேலை, சிவப்புப் பட்டியைக் காட்டி வைத்திருப்பது ப்ராப்பர்ட்டியின் வேலை. சிக்னல் வந்ததும் பட்டியைக் காட்டு, இன்னொரு சிக்னல் வந்ததும் மறை என்று எழுதத் தொடங்கினால், உண்மையான நிலை இரண்டு இடங்களில் குடியிருக்கும். ஒரு நாள் இரண்டும் ஒத்துப்போகாது. புரட்டாதியில் கிணறு வற்றியிருக்கும் நேரத்தில் திரை பச்சை காட்டிக்கொண்டு மோட்டர் கருகுவது இப்படித்தான்.

அண்ணா, வேல்யூ மாறுது, கன்சோல்ல பார்த்தன். ஆனா திரையில ஒண்டும் மாறேல்லை.

முதலில் கியூ_ப்ராப்பர்ட்டி வரியில் நோட்டிஃபை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், அறிவிப்பு இல்லாத ப்ராப்பர்ட்டியை நம்பியிருக்கிறாய் என்று கன்சோலில் எச்சரிக்கை வந்திருக்கும். நோட்டிஃபை இருந்தும் மாறவில்லை என்றால், உங்கள் கிளாஸுக்குள்ளேயே எங்காவது, மதிப்பை மாற்றும் ஃபங்ஷனான செட்டரைத் தாண்டி மெம்பர் வேரியபிளை நேரே மாற்றியிருப்பீர்கள். அப்போது மதிப்பு மாறும், எமிட் நடக்காது.

இரண்டும் சரி என்றால் மூன்றாவதுதான் அதிகம் அலைக்கழிக்கிறது: பைண்டிங் அறுந்துவிட்டது. பட்டையின் உயரத்தை மட்டத்தோடு பைண்ட் செய்துவிட்டு, பிறகு ஒரு பட்டனின் ஆன்கிளிக்ட்டில் உயரத்துக்கு நேரே ஒரு மதிப்பைக் கொடுத்தால் பழைய இணைப்பு சத்தமில்லாமல் போய்விடும். அந்தப் பட்டனை அமத்தும் வரை எல்லாம் ஒழுங்காக ஓடும், அமத்திய பிறகு பட்டை அசையாது. இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. கியூடி_லாகிங்_ரூல்ஸ் என்ற சூழல் மாறியில் கியூடி.கியூஎம்எல்.பைண்டிங்.ரிமூவல்.இன்ஃபோ என்பதற்கு ட்ரூ கொடுத்து ஓட்டினால், எந்தக் கோப்பில் எந்த வரியில் பைண்டிங் அறுகிறது என்று சொல்லும். இது பலருக்குத் தெரியாது, தெரிந்தால் ஒரு பின்னேரம் மிச்சம்.

செட்டரில மதிப்பு மாறினால் மட்டும் எமிட் பண்ணு எண்டு ஏன் சொல்லீனம்? சும்மா எமிட் பண்ணினால் என்ன?

ஒவ்வொரு எமிட்டுக்கும் அந்த ப்ராப்பர்ட்டியை நம்பியிருக்கும் எல்லாப் பைண்டிங்கும் திரும்பக் கணக்கிடப்படும். அது வீண் வேலை. அதைவிடப் பெரிய ஆபத்து வட்டம். ஸ்லைடர் மாறினால் ப்ராப்பர்ட்டியை மாற்று, ப்ராப்பர்ட்டி மாறினால் ஸ்லைடரை மாற்று என்று இரு பக்கமும் எழுதியிருந்தால், மதிப்பு அதுவேதான் என்று நிறுத்துகிற ஒரு வரி இல்லாமல் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

தாங்கியில் தண்ணீர் அலையடிக்கும்போது சென்சர் 42.1, 41.9, 42.0 என்று ஆடும். ஒப்பிடும் வரி இருந்தாலும் இது ஒவ்வொரு முறையும் மாற்றமாகவே தெரியும். திரையில் முழு எண்தான் காட்டப் போகிறீர்கள் என்றால், முதலில் முழு எண்ணாக்கிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

கனெக்ஷன்ஸ்க்குள்ள ஆன்ட்ரைரன் போட்டுக் கோலன் வச்சு எழுதினன். பழசாய்ப் போச்சு எண்டு வோர்னிங் வருது.

5.15-இலிருந்து கனெக்ஷன்ஸுக்குள் ஃபங்ஷன் என்று தொடங்கி, ஆன்ட்ரைரன் என்ற பெயரும் அடைப்புக்குறிக்குள் பாராமீட்டர்களுமாக எழுத வேண்டும். முன்பு சிக்னலின் பாராமீட்டர் பெயர்கள் எங்கிருந்தோ தானாக வந்து நிற்கும், அதையும் இப்போது விரும்புவதில்லை. பாராமீட்டர்களை நீங்களே வரிசையாக எழுதுங்கள். பெயர் எதுவானாலும் சரி, வரிசைதான் கணக்கு.

ஃபங்ஷனின் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால், இது சிக்னலைப் பிடிக்க எழுதியது போல இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு சிக்னல் டார்கெட்டில் இல்லை என்று கன்சோல் சொல்லும். இக்னோர்அன்நோன்சிக்னல்ஸ் என்பதை ட்ரூ ஆக்கி அந்த எச்சரிக்கையை வாயடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒரே பெயரில ரெண்டு சிக்னல், பாராமீட்டர் வேற வேற. கியூ.எம்.எல். ஒண்டைத்தான் பிடிக்குது.

ஒரே பெயர்ச் சிக்னல்களைக் கியூ.எம்.எல். பிரித்தறியாது, கடைசியாக அறிவித்ததுதான் அதற்குத் தெரியும். வேறு பெயர் வையுங்கள்.

சேர், சென்சர் வாசிக்கிறதை வேற திரெட்டில போட்டன். சில நேரம் ஓடுது, சில நேரம் கிராஷ்.

முதலில் ஒரு கேள்வி: திரெட் உண்மையில் வேண்டுமா? கியூசீரியல்போர்ட் தரவு வரும்போது ரெடிரீட் என்ற சிக்னலைத் தானே தருகிறது. அதைப் பிடித்து, கேன்ரீட்லைன் ஆம் என்கிற வரை ஒவ்வொரு வரியாக வாசித்தால் திரை உறைவதே இல்லை. ஒரு ரெடிரீட் என்றால் ஒரு முழு வரி என்று எண்ணாதீர்கள், பாதி வரியோடும் அது வரும். வெயிட்ஃபார்ரெடிரீட் என்று காத்திருந்து எழுதியவர்களுக்குத்தான் திரை உறைகிறது, அதற்காகத் திரெட் தேடுகிறார்கள். இங்கே வருகிற திரெட் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாற்றத்தோடு முடிந்துவிடும்.

உண்மையிலேயே நேரம் எடுக்கும் வேலை, அல்லது காத்துக் கிடக்கும் வேறொருவரின் லைப்ரரி என்றால் இப்படிப் பிரியுங்கள். கியூ.எம்.எல். பார்க்கும் ஆப்ஜெக்ட் எப்போதும் திரையின் திரெட்டிலேயே இருக்கட்டும். வேலை செய்யும் ஆப்ஜெக்ட்டை மட்டும் மூவ்டூதிரெட் மூலம் அங்கே அனுப்புங்கள். அதற்குப் பேரண்ட் இருந்தால் நகராது, அதையும் பாருங்கள். இரண்டையும் சாதாரண கனெக்ட்டால் இணைத்தால் போதும். எமிட் நடக்கும் நேரத்தில், பெறுகிறவர் வேறு திரெட்டில் இருக்கிறார் என்று கண்டால் கியூட் தானாகவே செய்தியை அவரது வரிசையில் போட்டுவிடும், உடனே அழைக்காது.

கிராஷ் வருவது பெரும்பாலும் லாம்டாவால், அதாவது அந்த இடத்திலேயே எழுதும் பெயரில்லாத ஃபங்ஷனால். கனெக்ட்டில் அனுப்புகிறவர், சிக்னல், லாம்டா என்று மூன்றே மூன்று கொடுத்தால், பெறுகிறவர் யார் என்று கியூட்டுக்குத் தெரியாது. அதனால் லாம்டா எமிட் செய்த திரெட்டிலேயே ஓடும். அங்கிருந்து திரையின் ஆப்ஜெக்ட்டைத் தொட்டால் சில நேரம் தப்பும், சில நேரம் விழும். லாம்டாவுக்கு முன்னால், அது எந்த ஆப்ஜெக்ட்டின் திரெட்டில் ஓட வேண்டுமோ அந்த ஆப்ஜெக்ட்டையும் கொடுங்கள். அந்த ஆப்ஜெக்ட் அழிந்தால் இணைப்பும் தானாக அறும், அது மேலதிக நன்மை.

சென்சர் ஒரு செக்கனுக்கு 200 தரம் அனுப்புது. திரை இழுபடுது.

பெரும்பாலான திரைகள் ஒரு செக்கனுக்கு 60 தடவைதான் புதுப்பிக்கின்றன, அதாவது ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கனுக்கு ஒன்று. அதைவிட வேகமாகச் சொல்வதைக் காட்ட வழியே இல்லை. தண்ணீர் மட்டத்துக்கு அதுகூடத் தேவையில்லை. வரும் மதிப்பை மெம்பரில் எழுதி வைத்துக்கொண்டே இருங்கள், 100 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை அடிக்கும் கியூடைமர் மட்டும், மாறியிருந்தால் எமிட் செய்யட்டும். வேறு திரெட்டிலிருந்து வருவதானால் இந்த வடிகட்டலை அந்தப் பக்கத்திலேயே செய்யுங்கள். இந்தப் பக்கம் வந்த பிறகு வடிகட்டினால் வரிசையில் ஏற்கெனவே நெரிசல்தான்.

நிகழ்வுகளை இப்படி வடிகட்டக் கூடாது. மட்டத்தில் நடுவிலுள்ள மதிப்பு தவறினால் பரவாயில்லை, வயர் கழன்ற செய்தி தவறக் கூடாது.

கடைசி ஒரு கிழமை மட்டத்தை லிஸ்ட்டாய்க் காட்டவேணும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிக்னலோ?

இல்லை. கியூஅப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட்மாடலிலிருந்து ஒரு மாடல் எழுதுங்கள். புது வரி சேர்க்கும் முன் பிகின்இன்சர்ட்ரோஸ், சேர்த்த பிறகு எண்ட்இன்சர்ட்ரோஸ், இருக்கும் வரி மாறினால் டேட்டாசேஞ்ச்ட். இவற்றுக்கான சிக்னல்களை மாடலே திரைக்கு அனுப்பும். முழுப் பட்டியலையும் ஒரு ப்ராப்பர்ட்டியாகத் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் திரை ஒவ்வொரு முறையும் எல்லா வரியையும் முதலிலிருந்து கட்டும், பார்த்துக்கொண்டிருந்த இடமும் தொலையும்.

பட்டனை அமத்தினால் சி பிளஸ் பிளஸ்க்கு எப்பிடிச் சொல்லுறது? அதுக்கும் சிக்னல் வேணுமோ?

தேவையில்லை, நேரே கூப்பிடலாம். மோட்டரை நிறுத்தும் ஃபங்ஷனை ஸ்லாட்டாகவோ கியூ_இன்வோக்கபிள் ஆகவோ அறிவித்தால் ஆன்கிளிக்ட்டிலிருந்து அழைத்துவிடலாம். சி பிளஸ் பிளஸ்ஸிலிருந்து ஃபைண்ட்சைல்ட் போட்டுத் திரையின் பட்டனைத் தேடி அதன் சிக்னலோடு இணைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். திரையை வடிவமைக்கிறவர் ஒரு பெயரை மாற்றினால் உள்ளே உடையும். திரைக்கு உட்பக்கம் தெரியலாம், உட்பக்கத்துக்குத் திரை தெரியக் கூடாது.

இன்வோக்கபிள் ஒண்டு புது ஆப்ஜெக்ட் திருப்பித் தருது. கொஞ்ச நேரத்தில சிக்னல் வாறது நிண்டு போச்சு. ஏன்?

ஆப்ஜெக்ட்டே இல்லை. பேரண்ட் இல்லாத ஆப்ஜெக்ட்டை இன்வோக்கபிள் வழியாகத் திருப்பிக் கொடுத்தால் அதன் உரிமை ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்துக்குப் போகும். அங்கே யாரும் பிடித்து வைத்திருக்காவிட்டால் குப்பை சேகரிப்பு அதை அழித்துவிடும். எப்போது என்று சொல்ல முடியாது, அதனால்தான் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நிற்கிறது. பேரண்ட் கொடுங்கள், அல்லது செட்ஆப்ஜெக்ட்ஓனர்ஷிப் மூலம் சி பிளஸ் பிளஸ்ஸுக்கே உரிமை என்று சொல்லுங்கள். ப்ராப்பர்ட்டி வழியாகக் கொடுக்கும் ஆப்ஜெக்ட்டுக்கு இந்த உரிமை மாற்றம் நடப்பதில்லை.

சிக்னலில ஊர்ப் பெயர் அனுப்பினன். திரையில கடைசிப் புள்ளி இல்லாமல் வருது.

சிக்னல் அப்படியேதான் கொண்டுபோகும். எங்கோ நீளம் பார்த்து வெட்டுகிறீர்கள். கியூஸ்ட்ரிங் யூ.டி.எஃப்.-16 அலகுகளில் எண்ணும். "யாழ்ப்பாணம்" நம் கண்ணுக்கு 6 எழுத்து, கியூஸ்ட்ரிங்குக்கு 11 அலகு. லெஃப்ட் 10 என்று வெட்டினால் வருவது "யாழ்ப்பாணம". எழுத்தாக வெட்ட வேண்டுமென்றால் கியூடெக்ஸ்ட்பவுண்டரிஃபைண்டர் இருக்கிறது. திரையில் இடம் போதாததுதான் காரணம் என்றால், வெட்டும் வேலையை டெக்ஸ்ட் எலிமென்ட்டின் எலைட் ப்ராப்பர்ட்டியிடம் விடுங்கள்.

தாங்கியும் இல்லை, சென்சரும் இல்லை. வீட்டில இருந்து சிக்னல் சரியாய் வருதோ எண்டு எப்பிடிச் சோதிக்கிறது?

பட்டனுக்குச் சொன்னபடி உட்பக்கத்துக்குத் திரை தெரியாமல் எழுதியிருந்தால் இது இலகு, திரையே இல்லாமல் சோதிக்கலாம். கியூட் டெஸ்ட்டில் கியூசிக்னல்ஸ்பை என்று ஒன்று உண்டு. உங்கள் ஆப்ஜெக்ட்டையும் சிக்னலையும் கொடுத்தால் எத்தனை தடவை வந்தது, என்ன பாராமீட்டரோடு வந்தது என்று எழுதி வைக்கும். வேறு திரெட்டிலிருந்து வருவதென்றால் எண்ணிக்கையைப் பார்க்கும் முன் அதன் வெயிட்டை அழையுங்கள், நேரம் எதுவும் சொல்லாவிட்டால் 5 செக்கன் வரை காத்திருக்கும்.

முதல் சோதனையாக இதை எழுதுங்கள்: மட்டத்தை 42 ஆக்கி, திரும்பவும் 42 ஆக்குங்கள். எண்ணிக்கை 1 என்று வர வேண்டும். 2 வந்தால் செட்டரில் ஒப்பிடும் வரி இல்லை, பூச்சியம் வந்தால் எமிட் இல்லை.